அவசரமில்லை என்ற கட்டம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் சொன்னால் இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எதுக்கு உங்கண்ணனைத் தொந்தரவு பண்றே" என்பார். அதனால் எழுதுகிறேன். இவரால் இடது காலை இன்னும் சரியாக ஊன்ற முடியவில்லை. குளியலறையில் துணி மாட்டும் கொக்கியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். கொக்கி பாதி கழன்றுவிட்டது. "அது விழுந்தா நானும் கூடவே விழுவேன், ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கு" என்று சிரிக்கிறார். சுவரில் திருகும் எஃகுக் கைப்பிடி ஒன்று வேண்டும். ஆன்லைனில் தேடி வாங்குவதில் நீங்கள் கெட்டிக்காரர். அவசரமில்லை, முடிந்தபோது பாருங்கள்.

உங்கள் குட்டி

மார்ச் 9

அன்புள்ள குட்டிக்கு,

விடைத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்து, முதல் மதிப்பெண் வாங்கிய கைப்பிடியை உன் முகவரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். விலை பாதிதான். இடையில் கடைத்தெருவில் எதையாவது வாங்கி ஏமாந்துவிடாதே. மாப்பிள்ளையைப் பார்த்து நடக்கச் சொல்.

அன்புடன் அண்ணா

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கைப்பிடி இன்னும் வரவில்லை. கொக்கியும் கையோடு வந்துவிட்டது. எதிர்வீட்டு இரும்புக்கடைக்காரர் தன்னிடம் இருப்பதையே மாட்டித் தருகிறேன் என்றார். அண்ணா அனுப்பியிருக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். எங்கே நிற்கிறது என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்.

உங்கள் குட்டி

ஏப்ரல் 6

அன்புள்ள குட்டிக்கு,

வழியில் நல்ல மழையாம். லாரிகள் நகரவில்லையாம். வந்துவிடும், பொறு.

அன்புடன் அண்ணா

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவர் குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. வலி தெரியாமலிருக்க நர்ஸிடம் ஏதாவது வம்பளந்துகொண்டிருக்கிறார். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது உங்கள் பார்சல் வாசலில் இருந்தது. நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மழைக்கு யார் என்ன செய்ய முடியும்?

உங்கள் குட்டி

ஏப்ரல் 19

அன்புள்ள குட்டிக்கு,

மழை பெய்யவில்லை.

வாங்கும்போது, எப்போது அனுப்பலாம் என்று திரையில் இரண்டு கட்டம் காட்டினார்கள். ஒன்று 'உடனே'. மற்றது 'அவசரமில்லை', அதைத் தொட்டால் விலை குறையும். நீயும் அதே வார்த்தையைத்தானே எழுதியிருந்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைத் தொட்டேன். அண்ணனிடம் நீ வேறெப்படிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியாதா? குறைந்த விலையை நினைத்து அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் மாலையே தெருமுனைக் கடைக்குப் போய் எனக்கு வழுக்காத செருப்பு ஒன்று வாங்கினேன். என் காலுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை, பார்.

பரீட்சை முடிந்த பையனிடம் பேனாவை நீட்டியவன் நான். நீ 'மழைக்கு யார் என்ன செய்ய முடியும்' என்று எழுதிய வரியைத் திரும்பப் படிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வர எந்த முகம் இருக்கிறது எனக்கு?

அண்ணா

ஏப்ரல் 24

அண்ணாவுக்கு,

கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். "வாத்தியார் தப்பை ஒத்துக்கிட்டாரா? அந்தக் கடுதாசியைப் பத்திரமா வை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்வேன். நான் இவரைத் தோளில் தாங்கிக் குளியலறைக்குக் கூட்டிப்போன நாட்களில் நீங்கள் மழை என்று எழுதியதுதான் ஆறவில்லை. ஆற நாளாகும். பாதி விலை என்றதும் நானும் மகிழ்ந்தேன். அது வேறு உறுத்துகிறது.

இவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறார். பெட்டியை நான் பிரிக்கவில்லை. இரும்புக்கடைக்காரர் மறுபடி கேட்டார், அவரையும் தொடவிடவில்லை. அந்தக் கைப்பிடியை நீங்களே வந்து மாட்டுங்கள். டிக்கெட் மலிவு என்று எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயிலில் ஏறிவிடாதீர்கள்.

இது அவசரம்.

குட்டி