பாடமா, போர்டா

தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. மதியச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. என் வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளை ஒருத்தி இந்த ஆண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். அவளுக்காகப் பாடக் குறிப்பைப் பெரிய எழுத்தில் எழுத உட்கார்ந்திருந்தேன். முகத்தைத் தாளுக்கு ஒட்டி வைத்தால்தான் எனக்கும் எழுத்து பிடிபடும். ஆகவே அந்த நெடியிலிருந்து தப்ப வழியில்லை. அது உன் கையின் வாசனை. பள்ளிக்கூட நாளெல்லாம் உன் விரல்களில் மை ஒட்டியிருக்கும். கழுவினாலும் போகாது. அந்தக் கையாலேயே மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவாய்.

போன வருஷமாக இருந்தால் கைபேசியை எடுத்து உன்னை அழைத்திருப்பேன். இப்போது முதல் வரியோடு பேனாவை மூடி வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீ எட்டாம் வகுப்பில், ஆண்டு தொடங்கிச் சில வாரம் கழித்து, கட்டுமாவடியிலிருந்து எங்கள் மணமேல்குடிப் பள்ளிக்கு வந்தாய். காலியாக இருந்தது என் பக்கத்து இடம் ஒன்றுதான். யாரும் என்னருகில் உட்கார விரும்பமாட்டார்கள். என் கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பயம். முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை எனக்கு வெறும் கறுப்புச் சுவர்தான். சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்கும். எல்லாரும் குனிந்து எழுதும் சத்தம் கேட்கும். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் இருப்பேன். மந்தமான பிள்ளை என்று ஆசிரியர்கள் விட்டுவிட்டார்கள்.

நீ இரண்டு பாடவேளை பொறுத்தாய். பிறகு முழங்கையால் இடித்தாய்.

"ஏண்டி எழுதாம இருக்க?"

"தெரியல."

"என்ன தெரியல? பாடமா, போர்டா?"

அப்படி அதைப் பிரித்துக் கேட்ட முதல் ஆள் நீதான். எனக்கே அதுவரை பிரித்துப் பார்க்கத் தோன்றியதில்லை. "போர்டு" என்றேன். "அட, அம்புட்டுதானா?" என்று சொல்லிவிட்டுப் பலகையில் இருந்ததை முணுமுணுவென்று வாசிக்க ஆரம்பித்தாய்.

அன்றிலிருந்து உன் வாய் ஓயவில்லை. எழுதிப் போட்டதை மட்டுமா வாசித்தாய்? டீச்சர் புதுச் செருப்பு போட்டிருக்கிறார், கடைசி பெஞ்சில் ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள், ஜன்னலுக்கு வெளியே ஆடு ஒன்று தலைமையாசிரியரின் ரோஜாச் செடியை மேய்கிறது. மற்றவர்கள் சிரிக்கும்போது ஏன் என்று தெரியாமல் திருதிருவென்று முழித்த காலம் போய், அவர்களுக்கு முன்னால் நான் சிரித்தேன்.

அறிவியல் டீச்சர் எரிச்சலாகி உன்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். வகுப்பில் பேசுகிறோமாம். நியாயம்தான், பேசினோம். அதற்குப் பிறகு என் நோட்டு மறுபடியும் வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் ஒளிச்சிதறல் பாடம். டீச்சர் எழுதிக்கொண்டே போனார். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"டீச்சர், எழுதறப்ப அதையே வாய்விட்டுச் சொல்லி எழுதுங்க டீச்சர். அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்."

வகுப்பு சிரித்தது. எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சாக்பீஸ் சத்தம் நின்றது. அடி விழும் என்று நினைத்தேன். டீச்சர் என்னிடம் வந்து நின்றார்.

"ஒனக்குப் போர்டு தெரியாதாம்மா?"

"தெரியாது டீச்சர்."

"இத்தன நாளா ஏன் யாரும் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்க டீச்சர்" என்றாய் நீ, பின்னாலிருந்து.

டீச்சர் என் பக்கத்தில் காலியாக இருந்த உன் இடத்தில் உட்கார்ந்தார். தன் கைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து ஒரு தாளில் 'அ' எழுதினார். அதைவிடப் பெரிதாக இன்னொன்று, அதைவிடப் பெரிதாக மற்றொன்று. "எது தெரியுது, சொல்லு." நான் தொட்டுக் காட்டிய எழுத்தின் அளவில்தான் அதன்பின் எனக்குத் தேர்வுத்தாள் வந்தது. அந்த மார்க்கரை உன்னிடம் கொடுத்து, "பக்கத்துலயே ஒக்காந்து எழுதிக் குடு. ஆனா ஆட்டுக்கதை வேணாம்" என்றார். எல்லாமே அவர் காதில் விழுந்திருக்கிறது! அன்று முதல் அவர் சொல்லிக்கொண்டேதான் எழுதினார். ஆட்டுக்கதையை நீ நிறுத்தவில்லை.

பத்தாம் வகுப்பில் வரைபடம் வந்தது. "ஒனக்கு மேப் வேணாம்மா, அதுக்குப் பதிலா வேற கேள்வி குடுப்பாங்க" என்றார் சமூக அறிவியல் ஆசிரியர். எனக்கு நிம்மதி. உனக்கு வந்ததே கோபம்!

"கேள்விய விட்டுத் தள்ளு. கடக்கரைல பொறந்துட்டு கடல் எங்கிட்டு வளையுதுன்னு தெரியாம செத்துப்போவியா?"

மறுநாள் ஓர் அட்டையோடு வந்தாய். உன் அப்பாவின் பழைய வலையிலிருந்து நூலை உருவி, பசை தடவி, கரையோரம் முழுக்க ஒட்டியிருந்தாய். என் சுட்டுவிரலைப் பிடித்து நூலின் மேல் நடத்தினாய். கோடியக்கரையில் மூக்கு மாதிரி நீண்டு, மேற்கே உள்வாங்கி, நம் பக்கம் வந்ததும் தெற்கே திரும்பியது. "இந்தா, இந்த முடிச்சு எங்க வீடு. கொஞ்சம் கீழ வா. இது நீ." பசையும் மீனும் கலந்து நாறியது. தேர்வில் மாற்றுக் கேள்வியைத்தான் எழுதினேன். ஆனால் நான் சமூக அறிவியல் ஆசிரியை ஆனது அந்த நூலைத் தொட்ட விரலால்தான். விராலிமலைப் பக்கம் கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்கு இன்று கரை எப்படி வளைகிறது என்று சொல்லித்தருகிறேன்.

பன்னிரண்டாவதோடு உன்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் படிக்கப் போனேன். தொலைபேசியில்தான் பேசிக்கொண்டோம். "இன்னைக்கு என்ன பாத்த, சொல்லு" என்று கேட்பேன். மீன் ஏலத்தில் நடந்த சண்டையை நீ சொன்னால் எனக்கு இரண்டு நாளைக்குப் போதும்.

காய்ச்சல் என்று உன்னைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸில் திரும்ப வந்தாய். சிங்கப்பூரிலிருந்து உன் வீட்டுக்காரர் வந்து சேரட்டும் என்று உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் போய் நின்றேன். பந்தலுக்குள் விழுந்த வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அந்த வெளிச்சத்தைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினேன். என் மூச்சு படிந்து அதுவும் மங்கியது.

"எப்படி இருக்கா?" என்று உன் தங்கையிடம் கேட்டேன்.

"தூங்குற மாதிரி இருக்குக்கா" என்றாள், அழுதுகொண்டே. எல்லாச் சாவு வீட்டிலும் சொல்வது அது. நீயாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாயா? என்ன சேலை, பூ எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, யார் நிஜமாக அழுகிறார்கள், யார் முந்தானைக்குள் கண்ணை உருட்டுகிறார்கள், எல்லாம் என் காதுக்கு வந்திருக்கும்.

"பாத்தாச்சுல்ல, கொஞ்சம் தள்ளிக்கம்மா. பின்னாடி ஆளு நிக்கிது" என்றார் யாரோ ஒரு பெரியம்மா. நான் பார்க்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? விலகி நின்றேன். கூட்டத்தில் வழி தேடி, தெருமுனை வரை தனியாக நடந்து, வருகிற பஸ் எங்கே போகிறது என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு ஏறி வந்தேன்.

போன வாரம் புதுக்கோட்டையில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. பயிற்சி கொடுத்தவர் திரையில் எதையோ காட்டி, "இது மாதிரி, அது மாதிரி" என்று போய்க்கொண்டிருந்தார். கையைத் தூக்கி, "சார், திரையில இருக்கறத வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன். அவரும் மறுக்காமல் ஒவ்வொரு வரியாக வாசித்தார். நான் குறித்துக்கொண்டேன். நடுவில் திடீரென்று கூடமே சிரித்தது. அவரும் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

என் தலை தானாக இடப்பக்கம் சாய்ந்தது. நீ எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவாய். சாய்ந்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை மெல்ல விலகி, "என்ன டீச்சர், ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்று நிமிர்ந்துகொண்டேன்.