இடது ஓரம் மட்டும் மங்கல்

என் செல்ல அப்பாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு சும்மா கிடக்கும் உன் கேமரா லென்ஸை விற்கலாம் என்று அம்மாதான் சொன்னாள். கலூரிலிருந்து ஒருவர் கேட்டார், ஆனால் டெஸ்ட் பண்ணிப் படம் அனுப்பினால்தான் வாங்குவாராம். ஜூ டவுன் பழைய சாமான் கடையில் நீ அதைப் பிடித்தபோது டெஸ்ட் பண்ணினாயா? பண்ணியிருக்க மாட்டாய். கறுப்பாக, கனமாக இருந்தது, உனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் மட்டாஞ்சேரி வீட்டு முன்னறைச் சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டினேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வலது ஓரமும் பழுதில்லை. இடது ஓரத்தில் மட்டும் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. சுவர்தான் கோணல் என்று நினைத்தேன். ஓதம் ஏறிய சுவர், எதையும் நம்ப முடியாது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தேன். இப்போது தாளின் வலது ஓரம் மங்கிவிட்டது. குற்றம் சுவரில் இல்லை, லென்ஸில்தான்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. ஆல்பத்தை எடுத்தேன். டைமர் வைத்துவிட்டு ஓடி வந்து நிற்பாயே, எல்லாப் படத்திலும் நீ இடது ஓரம். ஓடி வந்த ஆட்டத்தில் மங்கிவிட்டாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். லென்ஸ் சங்கதி தெரிந்துதான் அங்கே நின்றாயா அப்பா? நாங்களாவது தெளிவாக விழட்டும் என்றா? ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகுதான் என் கல்யாணப் படம் வந்தது. நீ எடுத்தது. இடது ஓரத்தில் என் மாமியார், மங்கலாக. மாட்ட மாட்டேன் என்று அவர் நம்மிடமே திருப்பிக் கொடுத்த படம்.

தெரிந்து நின்றாய் என்றால், தெரிந்தே அவரையும் அங்கே நிறுத்தியிருக்கிறாய். "வேணும்னுட்டாக்கும் ஒங்கப்பா என்னை மங்கலாக்கினது" என்று அவர் பதினோரு வருஷமாகச் சொல்வது சரியாகிவிடும். தெரியாது என்றால் அவர் சொல்வது தப்பு, ஆனால் நான் அழுததும் வீண். இரண்டில் எந்த அப்பா நீ? அம்மாவைக் கேட்டேன். "அவருக்கு என்ன அறியும், என்ன அறியாதுன்னு எனக்கே மனசிலானதில்லை" என்று சொல்லிவிட்டுக் கப்பைக்கிழங்கு நறுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செய்தித்தாள் படங்களைக் காட்டி, "லென்ஸுக்குக் கேடும்மா. அப்பாக்கு அது அறியாது" என்றேன். உன்னைக் காப்பாற்றினேனா, விட்டுக்கொடுத்தேனா என்று சொல்லும்போதே குழம்பியது.

அவர் ஆல்பத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "பாவம், தன்னையும் இப்படித்தானே எடுத்துண்டிருக்கார்" என்றார். போகும்போது கல்யாணப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டில் மாட்ட.

கலூர்க்காரரிடம் குறையைச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு நிம்மதி. உனக்கு ஒன்றும் தெரியாது என்றே இனி எல்லாரிடமும் சொல்வேன் அப்பா, சத்தியம். எனக்குள் மட்டும், மாமியாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தெரியும் என்றே வைத்துக்கொள்வேன்.

உன் பக்கத்தில் எப்போதும் தெளிவாக விழுந்த பெண்,
ராஜி