ஊதாத் துணிக்குள் சூசையப்பர்

மரியே வாழ்க
விருத்தாசலம்
3 மார்ச் 2025

அன்புள்ள ராபர்ட்டுக்கு ரீட்டா எழுதுவது.

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று சூசையப்பரிடம் கேட்டுக்கொள்கிறேன். புருஷனுக்குப் பெண்டாட்டி தபால் போடுகிற காலமா இது என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. கோபமாக எழுதினாலும் பாண்டிச்சேரி வந்து சேர்வதற்குள் ஆறிவிடும்.

விஷயம் இதுதான். நம் கோவிலின் மரப் பீடத்தைக் கழற்றப் போகிறார்கள். கறையான் பிடித்துவிட்டது. ஈஸ்டருக்கு மறுநாள் ஆசாரிகள் வருகிறார்கள், அப்புறம் கிரானைட் பீடம். எங்கெங்கோ உள்ள பழைய கோவில்களின் உள்ளே போய்ப் படம் எடுக்கிறீர்கள். நாம் மோதிரம் மாற்றிய இடத்துக்கு உங்களிடம் ஒரு படம் கிடையாது. கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் பீடத்தை விட்டுவிட்டு சீரியல் லைட்டை எடுத்தார் என்று இன்றுவரை திட்டுகிறீர்களே, வந்து நீங்களே எடுங்கள். ஏப்ரல் எட்டு, செவ்வாய்க்கிழமை தோதுப்படும். ஃபாதரிடம் கேட்டுவிட்டேன்.

உங்கள் படப் புத்தகம் கிடைத்தது. கோவா, தூத்துக்குடி, பாண்டி, எல்லாக் கோவிலும் கொள்ளை அழகு. ஆனால் ஒன்றில்கூட மனுஷர் இல்லை. எல்லோரும் எங்கே போய்விட்டார்கள் என்று பாவமாக இருந்தது.

இப்படிக்கு,
ரீட்டா


பாண்டிச்சேரி
11 மார்ச் 2025

ரீட்டா,

எட்டாம் தேதி வருகிறேன். மதியத்துக்கு மேல்தான் மேற்கு ஜன்னல் வெளிச்சம் பீடத்தில் விழும். வாசலுக்கு மேலே பாட்டு மாடியில் நின்று எடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். அன்றைக்கே திரும்ப வேண்டும்.

கோவில்பிள்ளை அடைக்கலத்திடம் சொல்லி வை. பிளாஸ்டிக் சேர் எதுவும் கண்ணில் படக் கூடாது, பீடத்தில் பிளாஸ்டிக் பூவும் கூடாது. கதவைப் பூட்ட வேண்டாம், ஆட்கள் வந்து போகட்டும். ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைப்பேன். நடமாடுகிற யாரும் படத்தில் விழ மாட்டார்கள். சுவரும் தூணும் மாதிரி அசையாமல் இருப்பவைதான் பதியும்.

மனுஷர் இல்லை என்கிறாய். ஒரு ஆள் நின்றால் போதும், பார்க்கிறவன் கண் முகத்துக்குப் போய்விடும். அப்புறம் கட்டடத்தை யார் பார்ப்பார்கள்?

மூன்று வருடமாகக் கேட்கிறேன், இப்போதும் கேட்கிறேன். நீ பாண்டிக்கு வந்துவிடேன்.

ராபர்ட்


மரியே வாழ்க
விருத்தாசலம்
19 மார்ச் 2025

அன்புள்ள ராபர்ட்டுக்கு,

இன்று சூசையப்பர் திருநாள். உங்களுக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அடைக்கலத்திடம் சொல்லியாகிவிட்டது. "அண்ணனுக்குப் பூவும் ஆவாது, சேரும் ஆவாது, ஆளும் ஆவாது. வேற இன்னாதான் வேணுமாம்?" என்று கேட்டார். நானும் அதையேதான் கேட்கிறேன்.

எங்கள் செராமிக் பட்டறையில் இப்போதே கிறிஸ்துமஸ் குடில் ஆர்டர் வந்துவிட்டது. இந்த வாரம் முழுக்க மூன்று ராஜாக்களுக்கும் கண் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு வெறும் மாட்டுக்கொட்டகையை மட்டும் சுட்டு அனுப்பினால் யார் வாங்குவார்கள்?

பாண்டிக்கு வந்து நான் என்ன செய்ய? மாதத்தில் பாதி நாள் நீங்கள் ஏதோ ஊரில் ஏதோ கோவிலில். இங்கே பட்டறை இருக்கிறது, பேச்சுத்துணைக்கு முதலாளி அன்புக்கரசி அக்கா இருக்கிறார். மூன்று ஈஸ்டராகப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஈஸ்டருக்காவது நீங்கள் வந்து உட்காருங்கள். அப்புறம் பாண்டியைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
ரீட்டா


பாண்டிச்சேரி
9 ஏப்ரல் 2025

ரீட்டா,

நேற்று ஊருக்கு வந்தும் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று உனக்கே தெரியும்.

பாட்டு மாடி ஏறிப் பார்த்தால் பீடத்தில் இருக்கிற சூசையப்பர், மாதா, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், எல்லாம் தலையிலிருந்து கால்வரை ஊதாத் துணிக்குள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் நெருங்கினால் சுரூபங்களை மூடிவிடுவார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதுவரைக்கும் என் தப்பு. ஆனால் அடைக்கலம் என்ன சொன்னார் தெரியுமா? "அக்காதான் துணியெல்லாம் தச்சுக் குடுத்தாங்க. எட்டாந் தேதிக்குள்ள கட்டிடுங்கன்னு ரெண்டு தபா சொல்லிட்டுப் போனாங்க."

தேதி குறித்தவளும் நீ, துணி தைத்தவளும் நீ. கொஞ்சம் அவிழ்க்கச் சொல்லி அடைக்கலத்திடம் கெஞ்சினேன். "ஈஸ்டர் ராத்திரி வரைக்கும் ஃபாதரே தொட மாட்டாரு" என்றுவிட்டார். வந்ததற்கு ஒரு படம் எடுத்தேன். என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் பையை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

என் வேலையை வைத்து விளையாடிவிட்டாய். இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராபர்ட்


மரியே வாழ்க
விருத்தாசலம்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள ராபர்ட்டுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

தெரிந்துதான் செய்தேன். வெளிச்சம் வருவதற்காக நாள் முழுக்க ஒரே தூணடியில் நிற்கிற மனுஷர் நீங்கள். துணி மூடியிருந்தால் அதை அவிழ்க்கும்வரை இங்கேயே இருந்துவிடுவீர்கள், ஈஸ்டரும் என்னோடு கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சின்னப்பிள்ளைப் புத்தி. கோபித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

அன்றைக்கு உங்களுக்காக வஞ்சிரம் வாங்கியிருந்தேன். அன்புக்கரசி அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

ஈஸ்டர் இரவுப் பூசையில் 'உன்னதங்களிலே' பாட ஆரம்பித்ததும் மணி அடித்துத் துணியை எடுப்பார்கள். மறுநாள்வரை பீடம் முழுசாகத் தெரியும். அதோடு சரி, திங்கட்கிழமை ஆசாரிகள் வந்துவிடுவார்கள். கோவில் நிறைய ஆட்கள் இருப்பார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. வாருங்கள் என்று இனிக் கேட்க மாட்டேன். சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ரீட்டா


மரியே வாழ்க
பாண்டிச்சேரி
15 ஏப்ரல் 2025

அன்புள்ள ரீட்டாவுக்கு,

அந்தப் படத்தை நேற்றுதான் கம்ப்யூட்டரில் திறந்தேன்.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்து போனவர்கள், பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, ஏணியோடு குறுக்கே போன அடைக்கலம், யாருமே படத்தில் இல்லை. மூன்றாவது பெஞ்சில் மட்டும் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். முதுகில் பட்டறை மண் வெள்ளையாக அப்பியிருக்கிறது. முக்காட்டின் கரைகூடத் துல்லியமாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கைப்பை.

நான் மேலே நிற்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஸ்டாண்டை இழுத்த சத்தம் கேட்டிருக்கும். கீழே யார் என்று பார்க்காமல் நான் மாடிப்படி இறங்கி ஓடினதும் கேட்டிருக்கும். நீ கூப்பிடவில்லை. கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அசையாமல் இருப்பவைதான் பதியும் என்று எழுதியிருந்தேனே, அதைப் படித்துவிட்டுத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா? வெகுநேரம் அழுதேன், ரீட்டா.

படத்தில் பீடம் எப்படி விழுந்திருக்கிறது என்று கேட்காதே. நான் இன்னும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். இந்தத் தடவை நேராக வீட்டுக்குத்தான். கேமரா வரும், ஸ்டாண்டு வராது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே பீடம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு எடுத்தால் போதும். முன்னால் இருப்பவர்களின் தலையும் விழட்டும். எப்போது திரும்புவேன் என்று பஸ் பார்த்து வைக்கவில்லை. பாண்டியா விருத்தாசலமா என்று அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்.

அந்தக் கைப்பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொள்.

உன்,
ராபர்ட்