பாலுக்குத் தனிக் கதவு

786

குளுவாங், ஜொகூர்
1938 ஜனவரி 12

அன்பு மகள் ரசியாவுக்கு அத்தா கிபாயத்துல்லா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கடையும் அடுப்பும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், அங்கே ரங்கூனில் நீயும் மருமகன் அய்யூபும் பேத்தி சபீதாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆக் கேட்கிறோம். பேத்தி சிலேட்டில் தன் பெயரை எழுதப் பழகிவிட்டாள் என்று உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியதும் உன் அம்மா ஹபீபா அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்துவிட்டாள், நான் சாப்பிட வரும்போது சட்டியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். மழை விட்டதும் என் முழங்கால் வலி போய்விட்டது, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

மருமகன் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாங்கப் போகிறாராம், பத்திரிகையிலிருந்து மூன்று படங்களை வெட்டி அனுப்பி, மாமா கடையில் ஒன்று வைத்திருக்கிறீர்களே, இதில் எது நல்லது என்று கேட்டிருக்கிறார். பதிலை அவருக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன். நாங்கள் பெட்டி வாங்கிய கதையைக் கேட்டால் காரணம் உனக்கே விளங்கும். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், இதில் எனக்குப் பெருமை அதிகம் இல்லை.

நம் கடைக்குப் பால் ஊற்றும் அங்கம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய், ஆற்றோரம் மாடு வைத்திருக்கிறாளே, உன் கல்யாணத்தன்று பாயசத்துக்குப் பால் போதவில்லை என்று மறுபடி ஓடிப்போய்க் கறந்து வந்தவள். காலைப் பாலில் அவளுக்குக் கஷ்டம் இல்லை. மத்தியானம் கறக்கிற பால்தான் சாயங்கால ரயிலுக்கு வருகிற கூட்டத்துக்குத் தேநீர் போடுவதற்குள் திரிந்துவிடும். போன வருஷம் வெயில் காலத்தில் ஒரே வாரத்தில் நான்கு நாள் அப்படித் திரிந்தது. நான்காம் நாள் அவள் அழவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை, பாலை வாய்க்காலில் கொட்டிவிட்டுக் குடத்தைக் கழுவிக்கொண்டே, பாய், மாட்ட வித்துட்டு ரெங்கம் ரப்பர் தோட்டத்துக்கே பால்மரம் வெட்டப் போறேன், அந்தப் பாலு திரிஞ்சாலும் துரை வாங்கிக்குவான் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருஷமாக அவள் ஊற்றும் பாலில்தான் நம் கடைத் தேநீருக்குப் பெயர். அவள் புருஷன் போன பிறகு மரம் வெட்டியே கையெல்லாம் வெடித்துக் கிடந்து, ஒரு கன்றுக்குட்டியில் தொடங்கி இந்த நிலைக்கு வந்தவள், திரும்ப அங்கே போவதா. அன்றைக்கே ஐஸ் பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். மரத்தூளில் பொதிந்து ரயிலில் வருகிற ஐஸ் நமக்கு வந்து சேரும்போது பாதி தண்ணீராகி விடுகிறது, ஆகையால் ஐஸ் போட வேண்டாத பெட்டி, அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரிய உள்ளே தானே குளிர்கிறதே அந்தப் பெட்டி. நெருப்பு வைத்தால் குளிருமா என்று பசாரில் எல்லோரும் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்கள்.

சிங்கப்பூரில் ஒரு பெரிய கடையிலிருந்து படப்புத்தகம் வரவழைத்தேன். அதில் ஒரு பெட்டி, ரசியா, வெள்ளை வெளேரென்று, உருண்ட கால், வெள்ளிக் கைப்பிடி, ஒரே கதவு, புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. படத்தை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி, இதுதான் வரப்போகிறது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். உன் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, அழகாத்தான் இருக்கு, உள்ளே எத்தனை தட்டு, தட்டுக்கும் தட்டுக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று கேட்டாள். எனக்கு எரிச்சல். புத்தகத்தில் போட்டிருந்த அளவைச் சொன்னேன். அவள் அடுப்புக் கரியை எடுத்து அடுக்களைத் தரையில் அந்த அளவுக்கு ஒரு பெட்டி வரைந்தாள், தட்டு இருக்கிற இடத்திலெல்லாம் கோடு போட்டாள், பிறகு நம் சட்டிபானைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து படுக்க வைத்து அந்தக் கோட்டுக்குள் அடுக்கினாள். தால்ச்சா சட்டியின் கழுத்து மேல் தட்டில் இடித்தது. மீன் சட்டி வைத்தால் அங்கம்மாவின் பால் குடத்துக்கு இடம் இல்லை, குடம் வைத்தால் மீனைத் தலையில்தான் சுமக்க வேண்டும். கதவின் உட்பக்கம் முட்டை வைக்க ஆறு குழி. ஒரு நாளைக்கு எண்பது முட்டை உடைக்கிற கடைக்கு ஆறு குழியாம். இது பாட்டில் குடிக்கிற துரை வீட்டுக்குச் செஞ்ச பெட்டிங்க, சட்டி வச்சிருக்கிறவங்களுக்கு இல்ல என்றாள். நான் கேட்கவில்லை. நேரில் பார்த்தால் பெரிதாகத்தான் இருக்கும் என்று சாதித்தேன். அப்படின்னா நேர்லயே பாப்போம், நானும் வாறேன், பால் அவளோடது, அங்கம்மாவும் வரட்டும் என்றாள்.

காலை ரயிலில் மூவரும் போனோம். தால்ச்சா சட்டி, மீன் சட்டி, பால் குடம் மூன்றையும் கோணியில் கட்டி உன் அம்மா மடியில் வைத்துக்கொண்டாள், ஜொகூர்ப் பாலம் தாண்டும்போது சுங்கக்காரன் கோணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மக்சிக், கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போறீங்களா என்று மலாயில் கேட்டான். கடையில் கோணியை அவிழ்த்ததும் அங்கிருந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாமா என்றிருந்தது. நல்ல வேளை விற்பனைக்கு நின்றவர் நம் ஆள், ராஜசேகரன் என்று பெயர், கழுத்துப் பட்டியெல்லாம் கட்டிய மனிதர், ஆனாலும் மரியாதை தெரிந்தவர். என் மாப்பிள்ளைப் பெட்டியைத் திறந்து காட்டினார். கரிக்கோடு சொன்னது போலவே தால்ச்சா சட்டி நுழையவில்லை. சின்னச் சட்டி நான்கு வாங்கிக்கொள்ளலாம் என்றேன் நான். அங்கம்மா உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, வாடை எங்க போவும்க்கா என்று கேட்டாள். உன் அம்மா கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள், உள்ளே நெத்திலிக் கருவாடு. கடைக்காரர்களுக்குத் தேநீர் வந்திருந்த தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பால் வாங்கி அதையும் கருவாட்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நாங்க சாப்பிட்டுட்டு வாறோம், திறக்காதீங்க தம்பி என்றாள். நாங்கள் சாப்பிட்டு லுஹர் தொழுது திரும்பி வந்து திறந்தால், ராஜசேகரனே அந்தப் பாலை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கம்மா பாலைக் கொட்டிவிட்டுச் சேலைத் தலைப்பால் கிண்ணத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

அப்போதாவது நான் அடங்கியிருக்கலாம். பசார் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே, வெறுங்கையோடு போனால் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு. எல்லோர் முன்னிலும், அடுப்புக்குத்தான் நீ, கடைக்கு முதலாளி நான், இதைத்தான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்தில் அப்படி அவளைப் பிறர் முன்னால் பேசியது இல்லை. உன் அம்மா சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோணியில் வைத்துக் கட்டினாள். பிறகு, வாங்குங்க, உங்க கடை, உங்க ஆசை, அங்கம்மா, நீ மாட்டை வித்துடு என்றாள். அங்கம்மா சரிக்கா என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அந்தச் சரிக்கா என்ற சொல் என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. யாருக்காகப் பெட்டி வாங்க வந்தேனோ அவளே வெளியே போகிறாள், நான் வெள்ளிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஓடிப்போய் அவளை மறித்து, இரும்மா, தப்பு என்மேல்தான், ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன்.

ராஜசேகரன் கொஞ்சம் யோசித்துவிட்டு எங்களைப் பின்பக்கக் கிடங்குக்குக் கூட்டிப் போனார். அங்கே மூலையில் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி, குட்டையாக, அகலமாக, எருமை படுத்திருப்பதுபோல் கிடந்தது. யாரோ தோட்டத்துத் துரைசாணி பார்க்க லட்சணமாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். இரண்டு கதவு. நடுவில் மேலிருந்து கீழ்வரை தகரத் தடுப்பு, இந்தப் பக்கத்துக் காற்று அந்தப் பக்கம் போகாது. தட்டுகள் கம்பித் தட்டுகள், கழற்றி ஏற்றவும் இறக்கவும் வசதி. வலது பக்கம் ஒரு தட்டைக் கழற்றியதும் தால்ச்சா சட்டி மூடியோடு உட்கார்ந்தது, அதன் கீழே மீன் சட்டி. இடது கதவைத் திறந்து அங்கம்மா தன் குடத்தை வைத்தாள், இன்னும் மூன்று குடத்துக்கு இடம் இருந்தது. அவள் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். கருவாட்டுப் பரீட்சை இங்கேயும் நடந்தது, ராஜசேகரனே பால் கொண்டுவந்து கொடுத்தார். பால் பாலாகவே இருந்தது. அந்த எருமையைத்தான் வாங்கினோம்.

ரயிலில் வந்து இறங்கிய பெட்டியை எட்டுப் பேர் தூக்கி வந்தால் அடுக்களை வாசலில் நுழையவில்லை. சட்டியை அளந்தார்கள், தட்டை அளந்தார்கள், வாசலை அளப்பது மட்டும் என் வேலையாக இருந்தது, நான் மறந்துவிட்டேன். நிலையைப் பெயர்த்து இரண்டு பலகையைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினோம். எதிர்க்கடைச் சீன முதலாளி தவ்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அலமாக், பாய், பெட்டியை வெளியில வச்சுக் கடையை உள்ள தூக்கிப் போடுலா என்றான். பசாரே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

இனி எழுதப் போவது போன மாதம் நடந்தது. நான்கு நாள் விடாத மழை. ரெங்கத்துக்கும் நமக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, ஆயர் ஈத்தாம் போகிற ரோடும் முழுகிவிட்டது. தெற்கே போக வேண்டிய ரயில் நம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது, சனமெல்லாம் நம் கடை ஐந்தடித் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கினார்கள். அவர்களில் கைக்குழந்தைகள் மட்டும் ஒன்பது. டப்பாப் பால் பசாரில் முதல் நாளே தீர்ந்துபோனது. அங்கம்மா மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டுக்குப் போயிருந்தாள், அவளும் வர முடியாது, பாலும் வராது. இடது கதவுக்குள் முந்தின சாயங்காலம் அவள் வைத்துவிட்டுப் போன நான்கு குடம் இருந்தது, காய்ச்சி ஆற வைத்த பால். உன் அம்மா தேநீருக்குப் பால் கிடையாது என்று சொல்லிவிட்டாள். வேளைக்கு வேளை அளந்து எடுத்துச் சுடவைத்துத் தன் கையாலேயே பிள்ளைகளுக்கு ஊற்றினாள். ரயிலில் வந்த துரை ஒருவர் தன் தேநீருக்கு மட்டும் கொஞ்சம் பால் கேட்டார், நான் தயங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொன்னேன். துரைக்குச் சோறு திங்கப் பல்லு இருக்குன்னு சொல்லுங்க என்றாள். நான் அதை அப்படியே சொல்லவில்லை, குழந்தைகளுக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னேன், அந்த மனிதரும் நல்லவர், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கருந்தேநீர் குடித்தார். வெயில் இல்லாவிட்டாலும் அந்தப் புழுக்கத்தில் வெளியே வைத்த பால் அரை நாள் தாங்காது. இது இரண்டு நாள் தாங்கியது. ஒரு பிள்ளையும் பசியில் அழுது தூங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அங்கம்மா மரம் ஏற்றும் சம்பான் படகில் ஏறி, இடுப்புவரை சேறோடு வந்து சேர்ந்தாள். பால் கெட்டிருக்கும், குடம் வீணாப் போயிருக்கும் என்று பயந்துகொண்டே வந்தவள், இடது கதவைத் திறந்து பார்த்தால் காலி. நான்கு குடமும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உன் அம்மா அவளை ஐந்தடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு தாய் எழுந்து, நீங்கதான் பால்காரம்மாவா என்று கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எம்பாலு ரெண்டு நாள் இருந்துச்சாக்கா, என்று அங்கம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள், அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன். இப்போது இன்னொரு மாடு வாங்கியிருக்கிறாள். ரெங்கம் பேச்சே இல்லை.

ஆகையால் மகளே, படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உன் சட்டிகளை எடுத்துக்கொண்டு நீயே கடைக்குப் போ, வெட்கப்படாதே. தட்டைக் கழற்ற முடியுமா, குனியாமல் கைக்கு எட்டுமா என்று பார். பச்சை மீன் எப்போதும் கீழே இருக்கட்டும், மேலே வைத்தால் நீர் சொட்டும். சூட்டோடு எதையும் உள்ளே வைக்காதே, அடைசலாகத் திணிக்காதே, காற்று ஓட இடம் வேண்டும். மண்ணெண்ணெய்ப் பெட்டியானால் தரை மட்டமாக இருக்க வேண்டும், திரியை வாரத்துக்கு ஒரு தரம் கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் கறுக்கும். உங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மருமகனுக்கு எது அழகாகப் படுகிறதோ அதையும் கேட்டுக்கொள், கேட்டுக்கொண்டு உனக்குத் தோதானதை வாங்கு.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, பேத்திக்குச் சட்டைத் துணியும் உனக்குக் கைலியும் கப்பலில் வரும் நம் ஊர்க்காரரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், வந்ததும் தாமதிக்காமல் இரண்டு வரி போடு. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் தருவானாக. இவ்வளவும் எழுதி உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிங்கப்பூர்க் கடையில் நான் அவளைப் பேசிய இடம் வந்ததும், அதை அடிச்சுடுங்க, மாப்பிள்ளை படிச்சா உங்களை என்ன நினைப்பாரு என்றாள். சரி, அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பதில் எழுதும்போது நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

உன் அன்பு அத்தா,
மு. கிபாயத்துல்லா