எண்ணெய் வைக்காமல் வரவும்

6 செப்டெம்பர் 2025, சனி

லண்டனில் இந்தக் குட்மேய்ஸுக்கு வந்து பதினாறு நாள். பெட்டிகள் எல்லாம் பிரித்தாயிற்று. மகள் மஹதியின் தலைதான் மிச்சம்.

பிள்ளைக்கு என்னுடைய மூக்கு, தகப்பன் பத்ரிஸின் கொங்கோ முடி. பாரிஸில் இருந்த ஏழு வருஷமும் பத்ரிஸின் அக்கா சில்விதான் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னினாள், இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தரம். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். ஒருநாளாவது பார்த்துப் பழகினேனா? இல்லை. தேத்தண்ணி நல்லாயிருந்தது.

சில்வி கடைசியாகப் பின்னிவிட்டது இப்போது பாதி அவிழ்ந்து தொங்குகிறது.

7 செப்டெம்பர், ஞாயிறு

நானே இழுத்துப் பார்த்தேன். சீப்பில் மூன்று பல்லு போயிற்று. பிள்ளை அழுதாள், பிறகு நானும் அழுதேன். சத்தம் கேட்டுப் பத்ரிஸ் எட்டிப் பார்த்தார். அவர் தலையைச் சுத்தமாக வழித்து வைத்திருக்கிற ஆள், இந்த விஷயத்தில் என்ன உதவி? "வாறன்" என்று சொல்லிவிட்டு மாறினார். அந்த மனிசனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. வரும்போதும் சொல்லுவார், தப்பி ஓடும்போதும் சொல்லுவார்.

13 செப்டெம்பர், சனி

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நடன ரீச்சர் நகுலேஸ்வரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒக்டோபர் ஐந்தாம் திகதி வாணி விழா. ஆடுகிற ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரித் தலை: நடு உச்சி பிரித்து, இடுப்பு வரைக்கும் ஒற்றைப் பின்னல், பூ. பிறகு குரலைக் குறைத்தார்.

"யசோ, பிள்ளையின்ர தலையை ஒருக்கா நேராக்கிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். இப்பிடியே விட்டா மற்றப் பிள்ளையளோட சேராது."

குரலைக் குறைத்து என்ன பிரயோசனம்? மஹதி இரண்டடி தள்ளி இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, என்ர தலை பிழையோ?"

இல்லையடி என்றேன்.

கோதாரி விழுந்த நடு உச்சி. நேராக்க மாட்டன். இந்த முடியோடதான் என்ர பிள்ளை மேடையில ஏறும். சரி — ஆனா ஆர் இழுக்கிறது?

14 செப்டெம்பர், ஞாயிறு

சில்வி வீடியோவில் சொல்லச் சொல்லப் பின்னினேன். முடித்துவிட்டுப் பிள்ளையைத் திருப்பிக் காட்டினேன். சில்வி சிரித்த சிரிப்பில் போன் அவள் கையிலிருந்து விழுந்து, பிறகு முழுக்க அவள் வீட்டு முகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கை வராது யசோ, கெதியாக ஆள் பிடி என்று முகட்டிலிருந்து குரல் வந்தது.

17 செப்டெம்பர், புதன்

ஐந்து சலூனுக்குப் போன் அடித்தேன். ஒருத்தர் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதில்லையாம். இரண்டு பேருக்கு நவம்பர் வரைக்கும் இடமில்லை. ஒருத்தர் எடுக்கவேயில்லை. கடைசி ஆள், முடி நாலு பியா நாலு சியா என்று கேட்டாள். மகள் மூன்றாம் வகுப்பு என்றேன். அது முடியின் சுருளுக்குச் சொல்லுகிற இலக்கமாம். எனக்கு ஆர் சொன்னது?

19 செப்டெம்பர், வெள்ளி

இன்றைக்கு நான் செய்ததைப் பத்ரிஸுக்குக்கூட முழுக்கச் சொல்லவில்லை.

86ஆம் நம்பர் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு கறுப்பினப் பெண். தலையில் வகிடு வகிடாக அப்படி ஒரு வேலை! ஒரு மயிர் பிசகவில்லை. தோளைத் தட்டிக் கேட்கலாமென்று கையைத் தூக்கினேன், வெட்கத்தில் இறக்கினேன். அவள் இறங்க, நானும் இறங்கினேன். என்னுடைய தரிப்பே இல்லை. அவள் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போக, நானும் போனேன். அவள் யாம் கிழங்கு எடுத்தாள், நானும் எடுத்தேன். உறைந்த மீன் பெட்டியடியில் சடாரென்று திரும்பி, என்னைத் தெரியுமா என்று கேட்டாள்.

பயத்தில் பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ். போனில் மஹதியின் படத்தைக் காட்டி, சில்வி, சீப்பு, வாணி விழா எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயோ, பாவம் பிள்ளை என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அந்த இடத்திலேயே போன் எடுத்து எனக்காகக் கதைத்தாள்.

பக்கத்துச் செவன் கிங்ஸில் எஸ்தர் ஆன்ட்டி, கானாக்காரி. வீட்டு முன்னறையில்தான் வேலை. தெரிந்த ஆள் சொன்னால் மட்டும் எடுப்பாராம். 27ஆம் திகதி காலை ஒன்பது மணி. முடியைக் கழுவி, காயவைத்துக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

கிழங்கைக் கண்டு பத்ரிஸ் வலு சந்தோஷம். தனக்காக வாங்கினேன் என்று நினைக்கிறார். நினைக்கட்டும்.

26 செப்டெம்பர், வெள்ளி

கழுவினேன். காயவைத்தேன். பார்த்தால் வறண்டுபோய்க் கிடக்கிறது. இப்படியே அந்நிய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் தாய் பார்க்காத பிள்ளை என்று நினைக்க மாட்டினமோ? வெந்தயம் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, அரைக் கோப்பை வைத்துத் தேய்த்தேன். என்ன மினுக்கம்! எஸ்தர் ஆன்ட்டி மெச்சத்தான் போறா.

27 செப்டெம்பர், சனி

மெச்சினா.

எஸ்தர் ஆன்ட்டி ஒற்றை விரலால் பிள்ளையின் உச்சியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளையை என்ன, பொரிக்கவா கொண்டுவந்தாய்?" என்று கேட்டார்.

எண்ணெய் பட்ட முடியில் பின்னல் நிற்காதாம், வைத்துப் பின்னுகிற முடி வழுக்கி வந்துவிடுமாம். வீட்டுக்குப் போ என்றார். வேறு நாள் கேட்டேன், இல்லை. அந்த முன்னறையில், முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கு முன்னால், மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன். ரீச்சர் சொன்னதையும் சொன்னேன், பஸ்ஸில் பிள்ளை கேட்டதையும் சொன்னேன்.

எஸ்தர் ஆன்ட்டி ரீவியை நிற்பாட்டினார். மஹதியைத் தனக்கு முன்னால் நிற்க வைத்தார்.

"உன் தலையில் ஒரு பிழையும் இல்லை. பிழை உன் அம்மாவின் கையில்தான்."

மஹதி சிரித்தாள். குட்மேய்ஸுக்கு வந்த பிறகு அப்படி அவள் சிரித்து நான் காணவில்லை. என்னை வைத்துச் சிரித்தாலும் பரவாயில்லை.

ஒக்டோபர் நாலாம் திகதி, காலை ஆறு மணிக்கு வரட்டாம். எண்ணெய்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டாம்.

30 செப்டெம்பர், செவ்வாய்

மூன்றாம் தரம் கழுவியாயிற்று. இன்னும் வெந்தயம் மணக்கிறது.

4 ஒக்டோபர், சனி

நாலரை மணித்தியாலம். மஹதி பாதி நேரம் நித்திரை, மீதி நேரம் பிஸ்கட். நடு உச்சி அடிமட்டம் வைத்துக் கீறினது போல நேர். இரண்டு பக்கமும் தலையோடு ஒட்டினபடி சின்னச் சின்னப் பின்னல்கள் வரிசையாகப் போய், பிடரியில் சேர்ந்து, அங்கிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே பின்னல். முடியை நேராக்கவேயில்லை. இழுத்துப் பார் என்றார் ஆன்ட்டி. இழுத்தேன். பிள்ளை முழுசாகப் பின்னுக்கு வந்தாள், பின்னல் அசையவில்லை.

இந்த முறை தேத்தண்ணி தந்தும் குடிக்கவில்லை. கையை மட்டும் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பார்த்தேன்.

5 ஒக்டோபர், ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. ஒழுங்காக எழுதவேண்டும்.

மற்ற எட்டுப் பிள்ளைகளுக்கும் கடைச் சவுரி, கிளிப் போட்டுக் குத்தினது. முதல் சுற்றிலேயே ஒன்று கழன்று விழுந்தது. பின்னால் வந்த பிள்ளை அதைப் பாம்பென்று நினைத்து மேடையை விட்டு ஓடினாள். இரண்டாவது சுற்றில் ரீச்சரின் சொந்த மகள் சயந்தினியின் பின்னல், பூவோடு சேர்த்துப் பறந்துபோய் முன்வரிசையில் பிரதம விருந்தினர் வைத்தியநாதன் ஐயாவின் மடியில் விழுந்தது. பாவம் அந்த மனிசன், ஆரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நிகழ்ச்சி முடியும்வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பேசப் போகும்போதும் கையில் கொண்டுபோனார்.

மஹதி சுற்றினாள். அவள் சுற்ற, பின்னலும் சுற்றி வந்தது. கழலவில்லை. பத்ரிஸ் கதிரையில் ஏறி நின்று கை தட்டினார். இறங்குங்கோ என்று சொன்னேனா? நானும் ஏறினேன்.

8 ஒக்டோபர், புதன்

ரீச்சர் போன் எடுத்தார். மஹதியின் தலை மாதிரித்தான் தனக்கும் வேணுமென்று சயந்தினி மூன்று நாளாக ஒரே அழுகையாம். ஆர் இழுத்தது என்று கேட்டார். கொஞ்ச நேரம் இருமினேன். பிறகு நம்பரைக் கொடுத்தேன், சயந்தினி என்ன பாவம் செய்தாள்? நான் சொன்னதென்று சொல்லுங்கோ என்றும் சொன்னேன்.

15 நவம்பர், சனி

ஒன்பது மணிக்கு மஹதியின் முறை. பாதித் தலை முடியும்போது வாசல் மணி அடித்தது. மத்தியானம் வர வேண்டிய ரீச்சரும் சயந்தினியும் நேரத்தோடேயே வந்துவிட்டார்கள். கதவு திறந்ததும் வெந்தய மணம் வந்தது.

சயந்தினியின் தலை பளபளவென்று மின்னியது. ரீச்சர் முகத்தில் பெருமை. எஸ்தர் ஆன்ட்டி ஒற்றை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். ரீச்சரைப் பார்க்கவில்லை, நேரே என்னைத்தான் பார்த்தார். நான் திரைச்சீலையைப் பார்த்தேன்.

மஹதி பாதிப் பின்னலோடு எழும்பிப் போய் ரீச்சருக்கு விளங்கப்படுத்தினாள்.

"சயந்தினி அக்கான்ர தலை பிழையில்லை, ரீச்சர். எண்ணெய்தான் பிழை. மூண்டு தரம் கழுவோணும்."

ரீச்சர் மெதுவாகத் தலையாட்டினார். ஓம் மகள் என்றார்.

இனியும் இந்தப் பக்கத்து ஆட்கள் வருவார்கள் என்று ஆன்ட்டிக்கு விளங்கிவிட்டது. மஹதியிடம் பேப்பரும் பேனையும் கொடுத்து, உன் பாஷையில் எழுது என்றார். அவள் பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: எண்ணெய் வைக்காமல் வரவும். அது இப்போது வாசல் கதவில் ஒட்டியிருக்கிறது.

வெளிக்கிடும்போது ரீச்சர் என்னிடம், எண்ணெய் விஷயத்தை அண்டைக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாமே யசோ என்று கேட்டார். மறந்துபோனன் ரீச்சர் என்றேன்.

மறக்கவில்லை.