லோரெட்டாவின் தாளில் இல்லாத பணம்

அன்பு மகள் டெசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலமாகவே இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் பனி தொடங்கியதிலிருந்து அவள் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளை ரோரியும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமா? மாடிப்படியில் மெதுவாக இறங்கு.

மூன்று நாளாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போகும் கடையில் நமக்குப் பரிமாறும் லோரெட்டாவை உனக்குத் தெரியுமே, உன் தட்டில் மட்டும் உருளைக்கிழங்கு அப்பம் ஒன்று கூடுதலாக வைப்பாளே, அவள் போன மாதம் சமையலறைப் பின்வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அம்மா செய்த சூப்பை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வேலை செய்யும்போது அடிபட்டதற்கு நஷ்டஈடு வருமே, கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். வாரத்துக்கு இருநூற்றிருபது டாலர். அவள் உண்மையில் வீட்டுக்குக் கொண்டுபோனது எழுநூறுக்குக் குறையாது. தப்பாகக் கூட்டியிருக்கிறார்கள் என்று பேனாவை எடுத்தேன். அவள் சிரித்தாள். "கூட்டல் சரிதான் சார். இந்தத் தாளு படி நான் பாதி பொம்பளதான் வேலை பார்த்திருக்கேன். மீதித் தட்டையெல்லாம் எவ தூக்கினாளோ, அவளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

சம்பளத் தாளில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் நஷ்டஈடாம். கார்டில் வரும் டிப்ஸ் தானாகச் சம்பளக் கணக்கில் ஏறிவிடுமாம். நோட்டாக வருவதை அவளே எழுதிக் கொடுக்க வேண்டும், இருபத்திரண்டு வருடமாக அவள் எழுதியதே இல்லை. டெசா, அந்த நோட்டுகளைக் கொடுத்தது யார்? நான்தான். பில்லில் டிப்ஸுக்கான இடத்தில் கோடு போட்டுவிட்டு, தட்டுக்கு அடியில் பணம் வைப்பேன். கார்டில் போட்டால் யார் யாரோ பிய்த்துக்கொள்வார்கள், கையில் கொடுங்கள் என்று தேவாலயத்தில் பாதிப் பேருக்குச் சொல்லியும் வைத்தேன். விடை சரியாயிருந்தும் வழியை எழுதாத பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வருடம் சுழியம் போட்டவன் நான். அப்படிப்பட்டவன் வழி எழுதாத பணத்தை ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பணம்தான் குடுத்தீங்க சார், எழுதாதன்னு சொல்லலியே. அது நானே பண்ணினது. சூப்புல உப்பு கம்மி, அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, நீ பரிமாறும் கடையில் கிடைக்கும் டிப்ஸைப் பற்றி நீ சொன்னதும் நினைவுக்கு வந்தது. "கார்டுல வந்தா ஊருக்கே தெரியும்ப்பா, நோட்டா வந்தா எனக்கு மட்டும்தான் தெரியும்." நானும் சேர்ந்து சிரித்தேனே. ஜூனில் பிள்ளை பிறந்ததும் உனக்கு வரப்போகும் விடுப்புப் பணத்தையும் தாளில் இருப்பதை வைத்துத்தான் போடுவார்கள். வரி போகும், தெரியும். போகட்டும். இன்று மேசையில் கிடைத்ததை இன்றைக்கே எழுதிக் கொடு, நாளை என்று வைக்காதே. இதுவரை விட்டதையும் எப்படிச் சரிசெய்வது என்று விவரம் தெரிந்தவரிடம் கேள்.

நேற்று கடையில் முதல் முறையாகக் கார்டிலேயே டிப்ஸ் போட்டேன். புதிதாகப் பரிமாற வந்தவள் நான் டிப்ஸ் வைக்க மறந்துவிட்டேனோ என்று நினைத்து, தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் குறையில்லாமல் காக்கட்டும். அம்மாவின் முத்தங்கள். வழக்கமாகக் கடிதத்தில் மடித்து வைக்கும் இருபது டாலர் நோட்டைத் தேடாதே. காசோலையாக வைத்திருக்கிறேன், உன் பெயர் போட்டு.

உன் அப்பா,
வெர்னன்