மேகலைமங்கலத்தார் இரவல் வாங்கிய ஊர்மக்கள்

நன்மை விளைக. நீர் நிறைக. கருநீராற்றின் இரு கரையையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், குன்றிலுள்ளார்க்கும் குப்பத்திலுள்ளார்க்கும் ஒரே செவி கொடுப்பவருமாகிய வானவல்லி மாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் திருவோலை அமைச்சன் மாறன் காரி, மேகலைமங்கலத்துப் பெருமக்கள் சபைக்கும் அதன் தலைவர் அம்பலக்கூத்தனார்க்கும் விடுக்கும் ஓலை. உம் வயல்கள் விளைக. உம் பசுக்கள் கன்று ஈனுக. உம் சபையில் பேசுவோர் சற்றே குறைந்து கேட்போர் சற்றே பெருகுக.

ஊரமைப்புச் சிறுகொடை வேண்டி நீவிர் விடுத்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அதில் தேவியாரை முழுமதி என்றும், மழைமுகில் என்றும், ஓரிடத்தில் பலாச்சுளை என்றும் பாடியிருந்தீர். பலாச்சுளை வரையில் தேவியார் பொறுமையாகவே கேட்டார். பிறகு, இவர்களுக்கு வேண்டியது என்ன என்று வினவினார். நாம் ஏடுகளைப் புரட்டிப் புரட்டித் தேடி, கடைசி ஏட்டின் கடைசி வரியில் அதைக் கண்டுபிடித்தோம். ஆற்றுத்துறையில் பெருமக்கள் நீராடி இளைப்பாற ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்றும், அதற்காக அங்கே குடியிருக்கும் ஓடத்தெருவார் தம் வீடுகளைக் காலிசெய்து மேட்டுக்காட்டுக்குப் போக வேண்டும் என்றும், இதற்கு ஊரார் அனைவரும் ஒருமனதாக இசைந்தனர் என்றும் எழுதியிருந்தீர்.

இந்த ஒருமனது என்ற சொல்தான் தேவியாரை நிமிர்ந்து உட்காரச் செய்தது. தாம் பட்டமேறிய நாள் முதல் இந்நாட்டில் எந்த ஊரும் எதற்கும் ஒருமனப்பட்டதில்லை என்றும், அப்படி ஓர் ஊர் உண்டாயின் அதை நேரில் பார்த்து வர வேண்டும் என்றும் கூறி, கண்காணி எயினன் சேந்தனை அனுப்பினார். சேந்தன் அரசாங்க உடையைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண வேட்டியோடு புறப்பட்டான். அவ்வாறு போகச் சொன்னவர் தேவியார். அதில் அவர்க்கு இருந்த மகிழ்ச்சியை நாம் மறைக்கப் போவதில்லை.

சிறுகொடையின் முறைமை நீவிர் அறிந்ததே. ஆயினும் மறந்தவர்போல் நடந்துகொண்டமையால் மீண்டும் எழுதுகிறோம். விண்ணப்பத்தில் எதை எழுதினாலும், கொடை அளிக்குமுன் ஊர்ப் பொதுவிடத்தில் அரிசிமாவால் ஊரின் படம் வரையப்படும். ஒவ்வொரு வீட்டாரும் தம் கையாலேயே ஒரு கூழாங்கல்லை எடுத்து, தம் வீடு இருக்கும் இடத்தில் வைத்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டும். கல் வைத்தவர் சம்மதம் இன்றி அந்தக் கல்லை எவரும் நகர்த்தலாகாது. அரசியே ஆனாலும் நகர்த்தலாகாது. கொடை சிறிது. ஆனால் முறை பெரிது.

கல் வைக்கும் நாளன்று காலையில் சேந்தன் அக்கரையில், புன்னைப்பற்று என்னும் சிற்றூரில், ஓடத்துக்குக் காத்து நின்றான். திருவிழாவுக்குப் போவதுபோல் ஒரு கூட்டம் அங்கே நின்றது. தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த துணி உடுத்தி, சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடம் தள்ளியவள் ஓடத்தெருவைச் சேர்ந்த பூதி. நடு ஆற்றில், கொற்றன் என்னும் முதியவர் சேந்தனைப் பார்த்துக் கேட்டதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம். சாட்சியின் சொல்லைத் திருத்துவது நம் நாட்டில் குற்றம். "ஏன் தம்பி, நீயும் இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த ஊர்க்காரனா?" என்றார் அவர்.

பெருமக்களே, இதைப் படிக்கக் கேட்டபோது அரசவையில் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. உம் ஊரார் அனைவரும் வந்து நின்றதாகக் காட்டுவதற்காக, பாத்திரம் இரவல் வாங்குவதுபோல் பக்கத்து ஊராரை இரவல் வாங்கினீர். வடையும் பாயசமும் தருவதாகச் சொல்லி அழைத்தீர். ஆனால் எந்த வீட்டைத் தம் வீடென்று காட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்தீர். சதி செய்வோர் சோம்பேறிகளாக இருப்பது நாட்டுக்கு நல்லது என்று தேவியார் அருளினார்.

பிறகு நடந்ததை நீவிரே கண்டீர். ஆயினும் அரசாங்க ஏட்டில் ஏற வேண்டியிருப்பதால் கூறுகிறோம். மாவுப்படத்தின் அருகே கொற்றன் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, உம் வீட்டில் வையும் என்று அம்பலக்கூத்தனார் பணித்தார். கொற்றனார் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு கல்லும் கையுமாகப் படத்தைத் தாண்டி, சபையைத் தாண்டி, ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கினார். தலைவர் பின்னாலேயே ஓடி, இங்கேயே எங்காவது போட்டுவிட்டு வாரும் என்று கெஞ்சியபோது, "சாப்பாடு போடுறீங்கன்னு வந்தேன், மறுக்கலை. அதுக்காக இல்லாத வீட்டுல கல்லைப் போடச் சொன்னா எப்படி? ராத்திரி அங்கயா போய்ப் படுப்பேன்?" என்று கொற்றனார் கேட்டாராம்.

அதன்பின் சேந்தன் தன் முத்திரை மோதிரத்தைக் காட்டி, கூடியிருந்தாரை ஒவ்வொருவராக அழைத்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். அவர்கள் பொய் சொல்லத் தெரியாதவர்கள். தம் ஊருக்கு வேண்டியதையே சொன்னார்கள். புன்னைப்பற்றுக் கரையில் இறங்குதுறை இல்லை. முழங்கால் வரை சேறு. சந்தைக்குப் போகும் கூடையும் சேற்றில், பிள்ளையைச் சுமந்த தாயும் சேற்றில். சாத்தி என்னும் பெண், "போன மழைக்கு எம் மாமியாரத் தூக்கிட்டு வந்து ஓடத்துல ஏத்துறதுக்குள்ள பாதி உசிரு போயிருச்சு, அவங்களுக்கு இல்ல, எனக்கு" என்றாள். வந்தவர் எல்லாரும் படித்துறை ஒன்றையே கேட்டனர். ஆகவே நீவிர் எழுதிய ஒருமனது பொய்யன்று என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம். அது வேறு ஊரின் ஒருமனது, அவ்வளவே.

இதுவரை சிரித்தோம். இனிச் சிரிப்பதற்கில்லை. உம் சொந்த ஊரின் ஓடத்தெருவார் அன்று எங்கே இருந்தனர் என்று சேந்தன் தேடினான். அவர்கள் ஆற்றில் இருந்தனர். தங்கள் இடத்தில் நின்று தங்கள் வீட்டைப் பறிகொடுக்கச் சம்மதம் சொல்லப் போகும் கூட்டத்தை, அது தெரியாமலேயே, விடிந்தது முதல் ஓடமேற்றிக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தனர். விருந்தாளிகள் வருகிறார்கள், ஒரு நடையும் தவறக்கூடாது என்பது சபையின் கட்டளையாம். பூதி மட்டும் முந்தானையில் ஒரு கல்லை முடிந்து வைத்திருந்தாள். கல் வைக்க எப்போது வரலாம் என்று இரண்டு முறை வந்து கேட்டிருக்கிறாள்.

தேவியார் திருமுன் அவளை அழைத்தோம். அவள் கூறியது இது: "எங்க வீடு எடுக்கப் போற வீடுதானாம், அதனால கல்லு தேவையில்லன்னு தலைவர் சொன்னாரு. தண்ணியில பொழைக்கிறவங்கள மேட்டுக்காட்டுல கொண்டு போட்டா நாங்க எதைத் தள்ளிப் பொழைக்கிறது? எங்களக் கேட்டுட்டு அப்புறம் முடியாதுன்னு எல்லாரும் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லம்மா. எங்கள யாரும் கேக்கவே இல்லை." எம் பணிக்காலத்தில் விண்ணப்பங்கள் பல கண்டோம், பொய்களும் பல கண்டோம். இந்தப் பொய்க்கு எமக்குக் கோபம் வந்தது. அதை அமைச்சனுக்குரிய அடக்கத்தோடு எழுத முயன்று தோற்றோம்.

ஆகவே அரசாணை இது. மண்டபத்துக்குக் கொடை இல்லை. பெருமக்கள் முன்னோர் வழியே ஆற்றில் இறங்கிக் குளித்து, கரையேறித் துவட்டிக்கொள்க. ஓடத்தெரு இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகொடை புன்னைப்பற்றுக் கரையில் படித்துறை கட்டவும், அதற்கு எதிரே ஓடத்தெருவின் துறையைச் செப்பனிடவும் அளிக்கப்படும். ஒரு கரையில் மட்டும் இறங்கும் ஓடம் எவருக்கும் பயன்படாது என்பதால், இரு கரையாரும் கூடிப் படம் வரைக. விருந்துக்கு ஆகும் செலவையும் கொடையில் சேர்க்குமாறு விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர். பாயசம் நன்றாயிருந்தது என்று சேந்தன் சொன்னான். அப்புகழை இத்துடன் அனுப்புகிறோம். அதற்குமேல் எதிர்பாரற்க.

மீண்டும் கல் வைக்கும் நாள் வரும் வளர்பிறையில். அன்று பெருமக்கள் அனைவரும் தாமே வருக. உமக்குப் பதிலாக நிற்க எந்த ஊராரையும் அழைக்க வேண்டா. அன்று ஓடத்தெருவார் துடுப்பைத் தொடார். ஓடங்கள் உமக்காகக் கரையில் கட்டிக் கிடக்கும். அக்கரையாரை அழைத்துவரும் பொறுப்பு சபையைச் சேர்ந்தது. துடுப்புப் பிடிக்கத் தெரியாதவர் இடைப்பட்ட நாளில் கற்றுக்கொள்க. கற்பிக்க ஓடத்தெருவார் இசைந்துள்ளனர், மிகுந்த ஆவலோடு.

இவ்வோலையின் பின்னே தேவியாரின் நாரை முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. மாறன் காரி கையெழுத்து. ஆற்றில் நீர் உள்ளளவும் இவ்வாணை நிற்க.

எஞ்சிய ஆணை ஒன்று, இதை இப்போதே நிறைவேற்றுக. இவ்வோலையைக் கொண்டுவந்து உம்முன் நிற்பவர் பூதி. இன்று முதல் அவர் இச்சபையின் உறுப்பினர். முதல் வரியிலிருந்து இதுவரை அவரை நிற்க வைத்தே நீவிர் கேட்டிருப்பீர் என்பது எமக்குத் தெரியும். ஆதலால் அம்பலக்கூத்தனார் எழுந்து இடம் விடுக. பூதியார் அமர்க. அவர் அமர்ந்த பின்னரே ஓலையைச் சுருட்டுக.